இரண்டாம் பாகம் மட்டும்

அன்று நான் சொல்லாதவற்றை முதலில் எழுதி வைக்கிறேன்.

கார்த்திகையில் திருவரங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரெங்கராஜ், பள்ளிக்கூட ஆசிரியர். காப்பியைக் கையில் வாங்கியவர் ஜன்னலில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பாகம் வச்சிருக்கீங்களே, முதல் பாகம் படிச்சாச்சா?" என்று கேட்டார்.

படிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அது இந்த வீட்டில் இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தப் புத்தகம் யார் அனுப்பியது என்று சொல்லவில்லை. அம்மா குறுக்கிட்டு, "அவளுக்கு எந்நேரமும் பொஸ்தகந்தான்" என்றாள், பெருமையும் மன்னிப்பும் கலந்த குரலில். "முதல் பாகம் எங்க வீட்ல இருக்கு" என்றார் அவர். வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டும் என்பதுதான் உண்மை. அதுதான் என்னைக் குழப்பியது.

எங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதுகிறவளும் வருகிற கடிதங்களை உரக்கப் படிக்கிறவளும் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. அப்பாவின் அக்கா மகன் ஆத்மநாதன், எனக்கு முறைக்காரர், சென்னையில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்தார். அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் மூன்று பேர் காதில் விழும் என்பது அவருக்கும் தெரியும்.

*

ஆலங்குடி
28-10-1957

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு மாமன் சோலையப்பன் ஆசீர்வாதம். இங்கு நான், உன் அத்தை செவந்தி, உண்ணாமலை, மாடு கன்று உட்பட எல்லோரும் சுகம். பட்டணத்து மழையில் நனையாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய பார்சல் முதல் நாளே வந்து சேர்ந்தது. எனக்கு எடுத்த வேட்டியும் அத்தைக்கு எடுத்த சேலையும் நன்றாக இருக்கின்றன. உண்ணாமலைக்கு வந்ததை அவளிடம் கொடுத்துவிட்டோம். கடலை பறித்தாயிற்று, இந்தத் தடவை பருப்பில்லாத பொக்கு அதிகம். முதலாளியிடம் அனுசரித்து நடந்துகொள்.

சோலையப்பன்

அத்தானுக்கு உண்ணாமலை எழுதுவது. அப்பா சொன்னது மேலே முடிந்துவிட்டது. "வேற எதும் எழுதணுமாத்தா?" என்றார். நன்றி எழுதிக்கொள்கிறேன் என்றேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டும்போது அப்பாவின் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

புத்தகத்துக்கு நன்றி. அட்டையில் இரண்டாம் பாகம் என்று போட்டிருக்கிறது. முதல் பாகம் தங்களிடம் இருக்கிறதா? இதை நான் தொடங்கலாமா, காத்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

*

சென்னை
9-11-1957

மாமா அவர்களுக்கு ஆத்மநாதன் வணங்கி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் எல்லோர் சுகத்துக்கும் பதில் போடவும்.

கடலை பொக்காகப் போனது வருத்தமாக இருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி என்று ஊரிலிருந்து அம்மா எழுதியிருந்தது. இங்கே ஒரு தைலம் நன்றாகக் கேட்கிறது, ஆள் வரும்போது கொடுத்து விடுகிறேன். கடையில் வேலை அதிகம். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை.

உண்ணாமலைக்கு அனுப்பியது அவளுக்குப் பிடித்திருக்கிறதா? கேட்டு எழுதவும்.

இப்படிக்குத் தங்கள்
ஆத்மநாதன்

*

ஆலங்குடி
24-11-1957

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதியது. எல்லோரும் நலம். உன் நலம் பார்த்துச் சந்தோஷம். உன் அம்மா போன வாரம் பஸ்ஸேறி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. மழை நன்றாகப் பெய்கிறது. தைலத்துக்கு அவசரமில்லை. உண்ணாமலை தன் சங்கதியைத் தானே எழுதும்.

சோலையப்பன்

அத்தானுக்கு. புத்தகம் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பொறுக்க முடியாமல் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்திலேயே ஒரு பெண் கிணற்றடியில் உட்கார்ந்து அழுகிறாள். அடுத்த பக்கத்தில் ஒருவர் வந்து, நடந்ததை மறந்துவிடு என்கிறார். அவளாவது மறக்க முயற்சி செய்யலாம். எனக்கு நடந்ததே தெரியாது.

ஆலங்குடி நூலகத்தில் முதல் பாகம் கேட்டு வரச் சொன்னேன். இல்லையாம். அப்பா அதற்குப் பதில் கனமாக இருக்கிறது என்று உரம் போடும் முறை பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அதையும் படித்தேன்.

ஆகவே, பாதி பிடித்திருக்கிறது. மற்றப் பாதி தங்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு படுக்கவும்.

உண்ணாமலை

*

அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டது, ஆத்மநாதனின் அம்மா அழகி அத்தை வந்தபோது நடந்த பேச்சை.

முந்தின இரண்டு தீபாவளிக்கும் ஆத்மநாதன் எனக்குச் சேலை அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் முறைக்காரன் சேலை எடுத்தால் பெண்ணைக் கேட்கிறான் என்று பொருள். எடுத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டால் அதற்கும் பொருள் உண்டு.

"மதினி, ஒங்க மகன் ரெண்டு வருசமா இவளுக்குச் சேலை எடுத்தாரு. இந்த வருசம் பொஸ்தகம் வந்துருக்கு. நாங்க என்னன்னு நெனைக்கிறது?" என்றாள் அம்மா.

"அவன் என்ட்ட சொல்லிட்டா எடுக்குறான்? படிக்கிற புள்ளைக்குப் பொஸ்தகம் குடுத்தா குத்தமா?" என்றது அழகி அத்தை.

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சேலை எடுத்தா மாப்பிள்ளை. பொஸ்தகம் எடுத்தா வாத்தியாரு. நம்ம பய எதுன்னு அவனே சொல்லட்டும்க்கா" என்றார்.

"நீ வாயத் தொறந்து கேளேன்டா."

"பொண்ணு வீட்டுக்காரன் நானா கேப்பேன்?"

"அப்ப நான் மட்டும் கேப்பனா?"

கோபித்துக்கொண்டுதான் அத்தை பஸ் ஏறியது. நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சேலையில்லை என்பதை வைத்து அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டாம் பாகத்தை வைத்து நான் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. முதல் பாகம் என்னிடம் இருக்கிறது, நீ இங்கே வந்து படி என்கிறாரா? பழையது முடிந்தது, இனி வேறு கதை என்கிறாரா? தாள் தாளாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, மடித்த மூலை இல்லை.

*

சென்னை
12-12-1957

மாமா அவர்களுக்கு வணக்கம். சுகம். கடையில் சரக்குக் கணக்கெடுக்கிறோம், அதனால் கார்டு. அத்தை முழங்கால் எப்படி இருக்கிறது? உண்ணாமலை எழுதியதைப் பார்த்தேன். பிறகு எழுதுகிறேன்.

ஆத்மநாதன்

*

இதைப் படித்து முடித்ததும் அம்மா, "நீ என்னத்தடி எழுதுன?" என்று கேட்டாள். "சுகம் கேட்டிருந்தேம்மா" என்றேன். பிறகு என்றால் எப்போது என்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் விலாசம்தான் இருந்தது. திருவரங்குளத்துக்காரர்கள் அதற்கு முன்பே வந்து போயிருந்தார்கள்.

*

ஆலங்குடி
22-12-1957

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு மாமன் ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ நலமாக இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறோம்.

உண்ணாமலைக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் ரெங்கராஜ், திருவரங்குளத்தில் வாத்தியார். நிரம்பப் படித்தவர். பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தை பிறந்ததும் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். முறைக்காரன் நீ இருக்கும்போது உன்னைக் கேட்காமல் வெளியே கொடுக்கக் கூடாது. உன் அபிப்பிராயத்தை மறைக்காமல் எழுது.

சோலையப்பன்

*

இதில் என் வரி எதுவும் இல்லை. "மறைக்காம எழுதுன்னு போட்டியா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். போட்டேன் என்று காட்டினேன். "அதுக்கு அடியில ஒரு கோடு போடு" என்றார். போட்டேன்.

*

சென்னை
3-1-1958

மாமா அவர்களுக்கு ஆத்மநாதன் வணங்கி எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு எல்லோர் சுகமும் அறிந்தேன்.

நல்ல இடம் என்று தெரிகிறது. வாத்தியார் என்றால் வீட்டில் புத்தகம் இருக்கும். உண்ணாமலைக்குப் பேச்சுத்துணையும் ஆகும். எனக்கு மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. முடிவு செய்யுங்கள். கல்யாணத்துக்கு எப்படியும் லீவு கேட்டு வந்து கூடமாட வேலை செய்வேன்.

இப்படிக்குத் தங்கள்
ஆத்மநாதன்

*

குரல் மாறாமல் படித்து முடித்தேன். "அப்பறம் என்ன, பய கைகழுவிட்டான்" என்று அப்பா எழுந்துபோனார். அம்மா அன்று சாயங்காலமே திருவரங்குளத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

*

ஆலங்குடி
17-1-1958

அத்தானுக்கு உண்ணாமலை வணக்கம். நலம் விசாரிக்கத்தான் வேண்டும், விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இது அப்பா சொல்லி எழுதுவது அல்ல. முழுவதும் நான் எழுதுவது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாட்டுப்பொங்கல் அன்று ரெங்கராஜின் அம்மா தட்டோடு வந்தார்கள். பழம், வெற்றிலை பாக்கு, பூ. அதற்கெல்லாம் மேலே முதல் பாகம். என்னிடம் இருக்கிற புத்தகத்தின் அதே அட்டை, அதே பச்சை. "எடுத்துக்கத்தா. தம்பிதான் குடுத்து விட்டுச்சு. நீ கேக்கலையாம், ஆனா ஒனக்கு வேணும்னு மொகத்துலயே தெரிஞ்சுச்சாம்" என்றார்கள். நல்ல மனிதர்கள் அத்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தட்டில் கை வைத்தால் பேச்சு முடிந்தது என்று தங்களுக்கும் தெரியும். தீபாவளியிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்பது அதில் இருந்தது. வெற்றிலையைத் தொடாமல் புத்தகத்தை மட்டும் உருவிக்கொள்ள முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். தங்கள் மாமா மகளுக்கு அவ்வளவு கேவலமான புத்தி.

அம்மா பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள். "எனக்கு முதல் பாகம் வேற எடத்துலேர்ந்து வரணுங்க" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேனா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. அவர்கள் காப்பி குடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. அப்பா மட்டும், "எவடத்துலேர்ந்துத்தா வரணும்?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியவில்லை. ஆகவே தங்களைக் கேட்கிறேன்.

தட்டில் வைத்து வந்தால் புத்தகமும் சம்பந்தம் பேசுகிறது. தபாலில் வந்த புத்தகத்துக்கு ஒரு பொருளும் இல்லையாம். தாங்கள் சேலை அனுப்பாததால் என்னை வேண்டாம் என்கிறீர்கள் என்று இங்கே முடிவு செய்தார்கள். தங்கள் கடிதமும் அப்படியே சொன்னது. பிறகு எதற்காகப் பாதிக் கதையை எனக்கு அனுப்பினீர்கள்?

முதல் பாகம் தங்களிடம் இருக்கிறதா, இல்லையா? பதிலை நான் எல்லோருக்கும் உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள்.

உண்ணாமலை

*

சென்னை
25-1-1958

மாமா, அத்தை, உண்ணாமலை மூன்று பேருக்கும் ஆத்மநாதன் வணக்கம். சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை உண்ணாமலை உரக்கப் படிக்கிறாள், நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

என்னிடம் முதல் பாகம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே உண்ணாமலை கேட்டுத்தான் எனக்குத் தெரியும். எங்கள் கடையில் எட்டாம் நம்பர் கம்பி கேட்கிறவர், ஏழாம் நம்பர் எங்கே என்று கேட்பதில்லை. அதுபோல இரண்டாம் பாகம் என்றால் அதுவே தனியாக ஒரு கதை என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒரு புத்தகமும் படித்ததில்லை மாமா.

அவள் எழுதியதும், அதை வாங்கின பழைய புத்தகக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்தார். "மொதப் பாகத்த வேற ஒருத்தர் தனியா வாங்கிட்டுப் போயிட்டாரே. அவரு இப்ப ரெண்டாம் பாகத்தத் தேடிக்கிட்டிருப்பாரு" என்றார். வேறு கடைகளிலும் கேட்டேன். கிடைக்கவில்லை. படித்த பெண்ணிடம் எனக்குத் தெரியாது என்று எழுத வெட்கமாக இருந்தது. பிறகு எழுதுகிறேன் என்று கார்டு போட்டேன். அதற்குள் வாத்தியார் மாப்பிள்ளை என்று உங்கள் கடிதம் வந்தது. பாதிப் புத்தகம் வாங்கி அனுப்பினவன் அவருக்குக் குறுக்கே நிற்கலாமா?

சேலை ஏன் எடுக்கவில்லை என்றால், போன சித்திரையில் நான் வந்திருந்தபோது உண்ணாமலை டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எடுத்த இரண்டு சேலையும் தரையில் கிடந்தன. பெட்டிக்கு அடியில் விரித்திருந்த பழைய பேப்பரை அவள் குனிந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. சேலையை எடுத்து வைத்துவிட்டுப் படிக்கிற பெண்ணுக்கு மறுபடியும் சேலையா என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேண்டாம் என்று நினைத்ததே இல்லை.

அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம். தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆத்மநாதன்

*

பேப்பரைப் படிக்கிற இடம் வந்தபோது அந்த வரியை மறுபடி மனதுக்குள் படித்தேன். "படி, படி" என்றார் அப்பா. முடித்ததும் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எட்டாம் நம்பர் கம்பியாம்ல!" அம்மா, "தைலத்த வச்சு என்னய மடக்கப் பாக்குறான்" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் நான் இருக்கும் பக்கம் பார்த்துப் பேசினாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக ஒரு புத்தகத்தில் அவர் வைக்காத பொருளையெல்லாம் நான் தேடியிருக்கிறேன். அவர் பார்த்தது ஒரே ஒரு காட்சி, அதைச் சரியாகப் பார்த்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்தே எனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இவர்களில் யார் என்னைத் தெரிந்தவர் என்று இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. ஆனால் அப்பா, "என்னத்தா எழுதுறது?" என்று கேட்டபோது, வரச் சொல்லுங்கள் என்பதை நான் உடனே சொல்லிவிட்டேன்.

*

ஆலங்குடி
1-2-1958

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு மாமன் சோலையப்பன் ஆசீர்வாதம். சுகத்தை நேரில் விசாரித்துக்கொள்கிறேன். ஒரு சேலை எடுத்துக்கொண்டு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. யார் முதலில் கேட்பது என்ற சண்டை எங்களுக்குள் இருக்கட்டும், நீ கேள். புத்தகம் எடுப்பதாக இருந்தால் கடைக்காரரிடம் இதற்கு முன்னால் ஏதும் உண்டா என்று விசாரித்து எடு. இதை அத்தை சொல்லச் சொன்னது.

சோலையப்பன்

அத்தானுக்கு. சேலை என்ன நிறம் என்றாலும் சரி. டிரங்குப் பெட்டியில் விரித்திருந்த அந்தப் பேப்பரும் பாதியில் கிழிந்ததுதான். ஒரு கப்பல் தரை தட்டிய செய்தி. ஆட்கள் பிழைத்தார்களா என்பது கிழிந்த பக்கத்தில் போய்விட்டது. நனையாமல் வந்து சேருங்கள்.

உண்ணாமலை

*

வைகாசியில் கல்யாணம் நடந்தது. சேலை கத்தரிப்பூ நிறம், எனக்குப் பொருந்தவில்லை, கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் சேலையோடு ஒரு புத்தகமும் வருகிறது. அந்த நாவலின் முதல் பாகம் சென்னையில் நான் கேட்ட எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் கிணற்றடியில் எதற்காக அழுதாள் என்று எனக்குத் தெரியாது.